நாற்பதில் நின்ற பேட்டரி

என் வேலை என்னன்னு யாராச்சும் கேட்டா, சொல்றதுக்கே எனக்குச் சிரிப்பா இருக்கும். பேட்டரியை நிரப்புவேன். நிரம்பினதும் காலி பண்ணுவேன். காலியானதும் திரும்ப நிரப்புவேன். பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரியில பத்தொன்பது வருஷமா இருக்கேன், அதுல கடைசி ஆறு வருஷம் இதே வேலைதான். "நிரப்பறதும் கொட்டறதுமா? இதுக்குச் சம்பளம் வேற தர்றானா?"ன்னு என் வீட்டுக்காரர் கேப்பார். "அந்தச் சம்பளத்துலதான் நீங்க மீன் கறி சாப்பிடறீங்க, பேசாம சாப்பிடுங்க"ன்னு நான் சொல்வேன். எங்க வீட்டுப் பேச்சே அப்படித்தான். புதுசா வர்றவங்க சண்டைன்னு நினைச்சுக்குவாங்க.

நான் பார்க்கிறது போனுக்குப் போடற சின்னப் பேட்டரி இல்லை. ஆள் உயர அலமாரி. சோலார் தகடு போட்ட இடங்கள்ல மத்தியான வெயில்ல வர்ற கரண்டைப் பிடிச்சு வச்சு, பொழுது சாஞ்சு ஊரெல்லாம் விளக்குப் போடற நேரத்துக்குக் கொடுக்கிற சாமான். மத்தியானம் வடிச்ச சோத்துல சாயங்காலத்துக்கு எடுத்து மூடி வைக்கிறோம்ல, அதேதான். ஒவ்வொரு அலமாரியும் சொன்னபடி பிடிக்குதா, சொன்னபடி கொடுக்குதான்னு பார்த்துத்தான் வெளியே அனுப்புவோம்.

அங்க எனக்கு முதல்ல சொல்லிக் கொடுத்த பாடம், பேட்டரியை அடி வரைக்கும் சுரண்டாதே. கடைசிக் கொஞ்சத்தைத் தொடாம விட்டா அது ரொம்ப வருஷம் உழைக்கும். தினம் அடியைத் தொட்டா சீக்கிரம் போயிடும். ஆறு வருஷமா இதே பாட்டைக் கேட்டுக் கேட்டு எனக்கு ரத்தத்துல ஊறிப் போச்சு. வீட்டுல ஷாம்பு பாட்டிலைக் கூட நான் முழுசா காலி பண்ண விடறதில்லைன்னு அவர் கிண்டல் பண்ணுவார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும், அதானே?"ம்பார்.

அவர் மாக் மண்டின்ல ஒரு வொர்க்‌ஷாப்ல வெல்டிங் பண்ணினவர். முப்பது வருஷம். புகை, தூசி, பெயின்ட், எல்லாம் நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு ஆரம்பிச்சது, அப்புறம் சட்டை பட்டன் போட்டாலே மூச்சு வாங்கிச்சு. பெரியாஸ்பத்திரியில பார்த்து, இனிமே வீட்டுல ஆக்சிஜன் மெஷின் வேணும்னு சொல்லிட்டாங்க. சின்ன மேசை உயரத்துக்கு ஒரு மெஷின். வீட்டுக் காத்தை இழுத்து, ஆக்சிஜனை மட்டும் பிரிச்சு, ரெண்டு மூக்குத் துளைக்கும் குழாய் வழியா விடும். நாள் முழுக்க ஒரு சத்தம், புஸ்... டப். புஸ்... டப். முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரலை. இப்ப அந்தச் சத்தம் இல்லைன்னாதான் முழிப்பு வருது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை இங்கயே சொல்லி முடிச்சிடறேன்.

நாங்க இருக்கிறது ஆயர் ஈத்தாம்ல ஒரு பிளாட், பதினோராவது மாடி. மெஷினுக்குக் கரண்ட் வேணும். கரண்ட் போனா ஒரு சிலிண்டர் இருக்கு, டாக்டர் சொன்ன மூணாம் அளவுல திருகி வச்சா அது ரெண்டு மணி நேரம் தாங்கும். ஒரு தடவை கரண்ட் போய், அது ஒன்றரை மணி நேரத்துல திரும்பி வந்துச்சு. அந்த ஒன்றரை மணி நேரமும் நான் சிலிண்டர் முள்ளையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். மறுநாளே முடிவு பண்ணிட்டேன். ஊருக்கெல்லாம் கரண்ட் சேத்து வைக்கிற சாமான் செஞ்சு அனுப்பறேன், என் வீட்டுல ஒண்ணு இல்லையா? அந்த வருஷத்து போனஸைக் கொண்டு போய்க் கொடுத்து, சுவர்ல மாட்டற மாதிரி ஒரு பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கிட்டேன். கரண்ட் போனா கண் இமைக்கிற நேரத்துல அது மெஷினைத் தாங்கிக்கும். நிரம்பி இருந்தா ஏழு மணி நேரம் ஓடும்.

நான் தினமும் வந்ததும் வராததுமா அதைத் தொட்டுப் பார்ப்பேன், சூடா இருக்கா, துணியால துடைப்பேன். "இதென்ன, ரெண்டாம் புருஷனா?"ன்னு கேட்டார். "இது உங்களை மாதிரி எதிர்த்துப் பேசாது"ன்னேன்.

இப்ப நான் செஞ்ச காரியத்தைச் சொல்லணும். இன்வெர்ட்டர்ல ஒரு செட்டிங் இருக்கு. பேட்டரி எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாதுன்னு நாமளே வைக்கலாம். வாங்கினப்ப நூத்துக்குப் பத்துல இருந்துச்சு. நான் அதை நாப்பதுல வச்சேன். மேல இருக்கிற அறுபதுலயே அந்த ஏழு மணி நேரம் ஓடிடும். அதாவது நாப்பது வந்ததும் பேட்டரி தானா நிறுத்திக்கும், உள்ள இருக்கிறது உள்ளயே இருக்கும். யாரும் மாத்தக் கூடாதுன்னு ரகசிய எண்ணும் போட்டேன். பேக்டரிக்காரி இல்லையா, அளவுக்கு மேலயே பத்திரம். இப்படி வச்சா அந்தப் பேட்டரி பதினஞ்சு வருஷத்துக்குக் குறையாம வரும்.

ஏன் பதினஞ்சு? அதை அப்ப நான் யார்கிட்டயும் சொல்லலை. டாக்டர்கிட்ட ஒரு தடவை "எத்தனை வருஷம்?"னு கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டே "பார்ப்போம் அக்கா"ன்னார். அன்னைக்குத்தான் என் மனசுல ஒரு பைத்தியக்காரக் கணக்கு வந்து உக்காந்துச்சு. இந்தப் பேட்டரி பதினஞ்சு வருஷம் வந்தா இவரும் பதினஞ்சு வருஷம் வருவார். இதை நான் கெடாம பார்த்துக்கிட்டா அவரும் கெடாம இருப்பார். படிச்சவ பேசற பேச்சான்னு கேட்டா, இல்லைதான். ஆனா தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்கிறதை விட இது எனக்கு நம்பிக்கையா இருந்துச்சு.

ஆயுத பூஜை வந்துச்சு. வொர்க்‌ஷாப்காரருக்கு தீபாவளியை விட அதுதான் பெரிய நாள். வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகியும், அவரோட சுத்தியல், ஸ்பேனர், முகம் மூடற அந்தக் கறுப்புக் கண்ணாடி எல்லாத்தையும் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, தட்டுல பொரி கடலை வச்சுச் சாமி கும்பிடுவார். கும்பிட்டா அன்னைக்கு முழுக்க எந்தச் சாமானையும் தொடக் கூடாது. வருஷம் பூரா உழைச்சதுக்கு ஒரு நாள் ஓய்வு. என்னைக் கத்திரிக்கோல் எடுக்க விட மாட்டார். ஆக்சிஜன் மெஷினுக்கும் ஒரு பொட்டு வச்சார். "உனக்கு மட்டும் லீவு கிடையாது தாயே, மன்னிச்சுக்க"ன்னு அதுகிட்டச் சொன்னார். பேட்டரிக்கும் மூணு விரல்ல சந்தனம் இழுத்து நடுவுல குங்குமம். பார்க்க லட்சணமாத்தான் இருந்துச்சு.

அவர் இன்னொண்ணும் பண்ணியிருக்கார், எனக்குத் தெரியாது. பேட்டரிக்கும் ஓய்வு வேணும்னு, சார்ஜ் ஏறற சுவிட்சை அணைச்சிருக்கார். மெஷின் நேரா சுவர்க் கரண்ட்ல ஓடுது, அதுக்கு ஒண்ணும் ஆகலை. மறுநாள் காலையில சுவிட்சைப் போடணும். மறந்துட்டார்.

சார்ஜ் ஏறலைன்னா இன்வெர்ட்டர் சும்மா இருக்கிறதுக்கே பேட்டரியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா குடிக்கும். எட்டு நாள் குடிச்சிருக்கு. அந்த எட்டு நாளும் பேக்டரியில அவசர ஆர்டர், தினமும் பன்னெண்டு மணி நேரம் வேலை. வீட்டுக்கு வந்து விழுவேன். பேட்டரியில பச்சை விளக்கு எரியுதான்னு மட்டும் பார்ப்பேன். பக்கத்துல இருக்கிற நம்பரைப் பார்க்கக் கண்ணாடி போடணும். போடலை. ஊர்ப் பேட்டரியை எல்லாம் ஒண்ணு விடாம பார்க்கிறவ, வீட்டுப் பேட்டரியைப் பார்க்கலை. இதை எங்க போய்ச் சொல்ல?

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஆயர் ஈத்தாம் பக்கம் இடியும் மழையும் பேய் மாதிரி வந்திருக்கு. எங்க பிளாட்டுக்குக் கரண்ட் போச்சு. பாயான் லெப்பாஸ்ல தூறல் கூட இல்லை, எனக்கு எப்படித் தெரியும்? எங்க டெஸ்ட் ரூம்ல போன் கொண்டு போகக் கூடாது, வெளியே பெட்டியில வச்சுப் பூட்டிடணும். நான் உள்ள உக்காந்து, நல்லா நிரம்பின ஒரு அலமாரியைக் காலி பண்ணிட்டு இருந்தேன். அவர் மெஷினை வாரக்கணக்கா ஓட்டற கரண்டை நான் பாட்டுக்குக் கொட்டிட்டு இருந்திருக்கேன்.

வீட்டுல நடந்ததை அப்புறமா அவர் சொல்லித்தான் தெரியும். கரண்ட் போனதும் பேட்டரி தாங்கிக்கிச்சு. அவரும் நிம்மதியா டீ குடிச்சுட்டு ஜன்னல்ல மழை பார்த்திருக்கார். ஏழு மணி நேரம் ஓட வேண்டியது ரெண்டு மணி நேரத்துல பீப் பீப்னு கத்தி நின்னுடுச்சு. அப்பத்தான் அவருக்குச் சுவிட்ச் ஞாபகம் வந்திருக்கு. போய்ப் பார்த்தா அணைஞ்சுதான் கிடக்கு. சிலிண்டரை மாட்டிக்கிட்டு என் போனுக்கு ஒரு தடவை அடிச்சிருக்கார். அது பெட்டிக்குள்ள கிடக்கு. பேக்டரி ஆபீஸ் நம்பரை நான் ஃப்ரிட்ஜ் கதவுல பெரிசா எழுதி ஒட்டியிருக்கேன். அதுக்கு அடிக்கலை. ஏன் தெரியுமா? பயம். தன்னால பேட்டரி காலியாயிடுச்சு, இவ வந்து காளியாட்டம் ஆடுவாளேன்னு பயம். அறுபது வயசு மனுஷன், பிள்ளை மாதிரி தப்பை மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்.

கீழே தரைத்தளத்துல நாசி கண்டார்னு சோறும் கறியும் விக்கிற கடை வச்சிருக்கிற பாய், மத்தியானக் கூட்டம் அடங்கினதும் தினமும் அவருக்குக் காரம் குறைச்சு ஒரு பொட்டலம் கொண்டாந்து கொடுப்பார். அன்னைக்கு லிஃப்ட் ஓடலை. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டிருக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. அந்த மனுஷன் தொப்பையைத் தூக்கிட்டு பதினோரு மாடி ஏறியிருக்கார். கதவைத் திறந்து பார்த்தா, இவர் நாற்காலியில சாஞ்சு கிடக்கார், உதடு நீலமா இருக்கு, கூப்பிட்டா கண்ணை மட்டும் திறக்கிறார்.

எங்க சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. ஓடிப் போய் ஆபீஸ் போனை எடுத்தேன்.

"அக்கா, நான்தான் பாய். அண்ணனுக்கு மூச்சு சரியில்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன், ரோட்டுல மரம் விழுந்து கிடக்காம், சுத்தித்தான் வரணுமாம். இங்க கரண்ட் இல்லை அக்கா, பேட்டரியும் காலி."

"காலியா? எப்படிக் காலியாகும்? அதுல என்ன நம்பர் போட்டிருக்கு, பாருங்க பாய்."

"நாப்பது போட்டிருக்கு."

காலியாகலை. நாப்பது பங்கு உள்ள இருக்கு. மூணு அடி தள்ளி என் புருஷன் மூச்சுக்குத் தவிக்கிறார், நான் பூட்டி வச்சிட்டு வந்திருக்கேன்.

"பாய், போனை ஸ்பீக்கர்ல போடுங்க. நான் சொல்றதை மட்டும் செய்ங்க. வேற எதையும் தொடாதீங்க."

"சொல்லுங்க அக்கா."

ரகசிய எண்ணை ஒவ்வொண்ணா சொன்னேன். என் பேக்டரி அட்டை நம்பர்தான் அது. பாய் கை ஈரம் போல, ரெண்டு தடவை தப்பாப் போச்சு. மூணாவது தடவை திறந்துச்சு. "கீழே பார்த்த அம்பு இருக்கும், அதை அமுக்கிட்டே போங்க"ன்னேன். அவர் அமுக்கி அமுக்கிச் சத்தமா எண்ணினார். "முப்பத்தஞ்சு. முப்பது. இருபத்தஞ்சு. யா அல்லா, இருபது. பதினஞ்சு. பத்து. அஞ்சு. அதுக்குக் கீழே போக மாட்டேங்குது அக்கா."

"போதும். ஓகே அமுக்குங்க."

அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கலை. ஆபீஸ்ல எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. அப்புறம் கேட்டுச்சு. புஸ்... டப். புஸ்... டப். நான் அந்த ஆபீஸ் தரையிலயே உக்காந்துட்டேன். "குழாயை மெஷினுக்கு மாத்துங்க, மூணுல வைங்க"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அழுகை வந்துடுச்சு. பாய் மாத்திட்டு, "அழாதீங்க லா அக்கா, அண்ணன் கையை ஆட்டறார், வர வேணாம்னு சொல்றார்"ன்னார். அதுதான் அவர். சாகக் கிடந்தாலும் ஓவர்டைம் போயிடக் கூடாது.

மோட்டார் சைக்கிளை எடுத்து பாயா தெருபோங் மேட்டு ரோட்டுல எப்படி வந்தேன்னு எனக்கே தெரியாது. ஒரு சிக்னல்ல நின்னேனா, நிக்கலையா, அதுவும் தெரியாது. பிளாட் வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னுச்சு. பதினோரு மாடி ஏறினேன். ஏழாவதுல நெஞ்சு வெடிச்சிடும் போல இருந்துச்சு, சுவரைப் பிடிச்சு நின்னேன். அப்பத்தான் புரிஞ்சுச்சு, இவருக்கு ஒவ்வொரு நாளும் சட்டை போடறப்ப இப்படித்தான் இருக்கும்னு. கூடவே இருந்தும் இத்தனை நாளா எனக்கு இது தெரியலை பாருங்க.

ஆம்புலன்ஸ்காரங்க விரல்ல கருவியை மாட்டிப் பார்த்து, ஆக்சிஜன் ஏறிடுச்சு, இப்ப பரவாயில்லை, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டுங்கன்னு சொல்லிட்டு இறங்கிட்டு இருந்தாங்க. பாய் என்னைப் பார்த்ததும் பொட்டலத்தை மேசையில வச்சுட்டுக் கீழே போயிட்டார். இவர் உதட்டுல நிறம் வந்திருந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்து அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு.

"என் தப்பு புள்ள"ன்னார். "பூஜைக்குச் சுவிட்சை அணைச்சேன். பேட்டரியும் ஒரு நாள் தூங்கட்டும்னு. அப்புறம் போட மறந்துட்டேன். உன் பேட்டரியைக் காலி பண்ணிட்டேன்."

உண்மையைச் சொல்றேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பழி அவர் தலையிலயே இருக்கட்டும்னு எனக்குத் தோணிச்சு. மனுஷப் புத்தி. அவரே ஒத்துக்கிறார், நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?

ஆனா வெல்டிங் பண்ணினவர், கரண்ட் தெரிஞ்ச ஆளாச்சே. கொஞ்ச நேரம் மெஷின் சத்தத்தைக் கேட்டுட்டு, "ஆமா, காலியான பேட்டரியில பாய் நாலு பொத்தானை அமுக்கினதும் கரண்ட் எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டார்.

"காலியாகலைங்க"ன்னேன். "நாப்பது பங்கு உள்ள இருந்துச்சு. நான்தான் பூட்டி வச்சிருந்தேன்."

"எதுக்கு?"

"பதினஞ்சு வருஷம் வரணும்னு."

"யாருக்கு வேணும் அந்தப் பேட்டரி பதினஞ்சு வருஷம்?"

"பேட்டரி இல்லைங்க. நீங்க. அது வந்தா நீங்களும் வருவீங்கன்னு..." அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார்னு நினைச்சேன், திட்டியிருந்தா நல்லாருக்கும். என் கையை எடுத்துத் தன் கன்னத்துல வச்சுக்கிட்டு அப்படியே இருந்தார்.

அப்புறம் சிலிண்டரை நிரப்ப ஆள் கூப்பிடணும்னு எழுந்து போய்ப் பார்த்தேன். முள் கால்வாசியில நிக்குது. காலியா இருக்கும்னுல்ல நினைச்சேன். திருகைப் பார்த்தேன். மூணுல இருக்க வேண்டியது ஒண்ணுல இருக்கு.

"என்னங்க இது? கால் சிலிண்டர் மிச்சம் இருக்கு! உதடு நீலம் பாரிக்கிற வரைக்கும் ஒண்ணுல வச்சுட்டு உக்காந்திருந்தீங்களா? ஏன் முழுசா திறக்கலை?"

"மிச்சம் வச்சேன்."

"எதுக்கு? எதுக்கு மிச்சம்?"

அவர் மூக்குக் குழாயைச் சரி பண்ணிக்கிட்டார். "நீ வந்ததும் சண்டை போடுவே. திருப்பிப் பேச எனக்கு மூச்சு வேணாமா?"

நான் அழுதேனா சிரிச்சேனான்னு சொல்ல முடியாது. முகத்தைத் துடைச்சுக்கிட்டு, நாற்காலியை அவர் எதிர்ல இழுத்துப் போட்டு உக்காந்தேன். அவர் சொன்னபடியே சண்டை போட்டேன். சுவிட்சுக்கு, ஆபீசுக்கு அடிக்காததுக்கு, கல்யாணம் ஆன வருஷம் என்னைக் கேக்காம வித்த தையல் மெஷினுக்கு, எல்லாத்துக்கும் சேத்து. அவர் ஒண்ணுக்கு ரெண்டா திருப்பிக் கொடுத்தார். நடுவுல மூச்சு வாங்க நிறுத்துவார், நான் வாயை மூடிட்டுக் காத்திருப்பேன். வாங்கினதும் "ம், எங்க விட்டேன்?"ம்பார். தையல் மெஷின்ல விட்டீங்கன்னு எடுத்துக் கொடுப்பேன்.